சித்திரை வெயிலில் ஒரு சுற்று: தங்கவயல் வாசகர்களுக்குப் பருவகால ஆலோசனை

பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டாயிற்று. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். வந்த மறுநாளே வீட்டில் எழும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "வண்டி சும்மாதானே நிக்குது, எங்கயாவது ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?" போகலாம். கோலார் மாவட்டத்தின் கிராமத்துச் சாலைகள் வருடத்தில் வேறெப்போதும் இவ்வளவு மணப்பதில்லை. புங்கை பூத்து உதிர்கிறது, மாந்தோப்புகளில் காய் முற்றுகிறது. ஆனால் இதே இரண்டு மாதங்களில்தான் வெயிலும் புழுதியும் இடியும் ஆளைப் படுத்தி எடுக்கும்.

சித்திரை, வைகாசி இரண்டுக்கும் சேர்த்து மூன்று சொற்கள். விடியலில் கிளம்பி, பத்து மணிக்குள் நிழல் சேருங்கள். பெரிய சாலையை விட்டு ஏரிக்கரை வழியாகப் போங்கள். சயனைடு மேட்டிலும் மூடிய சுரங்க வாயிலிலும் கால் வைக்காதீர்கள். இனி வருவதெல்லாம் இந்த மூன்றுக்கும் விளக்கம்.

கிளம்பும் நேரம்

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இரவும் விடியலும் சென்னைக்காரர்கள் பொறாமைப்படும்படி குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியை நம்பி ஏமாறக்கூடாது. பதினோரு மணிக்குள் பாறை சூடேறிவிடும். மதியம் 35 டிகிரியைத் தாண்டும், சில நாள் 38-ஐத் தொடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணிக்கு முன்பின்னாகச் சூரியன் எழும். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் நான்கு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. கிராமத்துச் சாலையில் எண்பது கிலோமீட்டர் சுற்றி, இரண்டு இடத்தில் நின்று, ஒரு இடத்தில் டிபன் சாப்பிட்டுத் திரும்ப அது போதும்.

காலையில் விட்டவர்கள் மாலை நாலரைக்கு மேல் போகலாம். அப்படிப் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், வெள்ளைப் பெயின்ட் அடிக்காத ஹம்ப்ஸ், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, இந்த மூன்றும் இருட்டில் ஒன்று போலத்தான் தெரியும்.

வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்

முந்தின நாள் மாலை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரியும் பிரேக்கும் பார்க்க வேண்டும். கூலன்ட் அளவு, ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியைப் பலரும் மறந்துவிடுவார்கள். போன கோடையில் நானே ஏரிக்கரையில் டயர் பஞ்சராகி, ஜாக்கி போட்டுத் தூக்கிய பிறகுதான் ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்று கண்டேன். பால் வண்டிக்காரர் ஒருவர் டயரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்க் காற்றடித்துக் கொண்டுவந்து தந்தார். இல்லையென்றால் ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்திருப்பேன்.

டயர் காற்றை வண்டி கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போதே பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறிய பிறகு குறைந்துபோகும். காற்று குறைந்த டயர்தான் சூட்டில் வெடிக்கும். டெம்பரேச்சர் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜின் ஆறும் வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். வைப்பர் பிளேடையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது.

டூவீலரில் போகிறவர்கள் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, மூடிய காலணி என்று கிளம்புங்கள். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை நம் பக்கத்து ஊர்களை ஒட்டியே போகிறது. அதில் டூவீலரும் ஆட்டோவும் ஏறக்கூடாது. காரில் போகிறவர்களுக்கும் இன்று அந்தச் சாலை வேண்டாம். அதில் ஏறினால் ஊர் வந்துவிடும், ஊர்களைப் பார்க்க முடியாது.

முதல் வழி: பேத்தமங்கலம், பாலாற்றங்கரை

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் இந்த வழியைத்தான் சொல்வேன். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பேத்தமங்கலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பாலாற்றின் குறுக்கே அங்கே கட்டிய ஏரியிலிருந்துதான் வெள்ளைக்காரர் காலத்தில் சுரங்கத்துக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் வந்தது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கே கால் வைத்தபோது தங்கம் இருந்தது, தண்ணீர் இல்லை. கல்லை மாவாக அரைத்துக் கரைசலில் போட்டுத் தங்கம் பிரிக்கும் தொழில் தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் நடக்காது. பேத்தமங்கலத்துத் தண்ணீர்தான் தங்கவயலை ஊராக்கியது.

கரையில் வண்டியை நிழலில் விட்டுக் காலாற நடந்து பாருங்கள். தண்ணீர் இறங்கிய பக்கம் சேறு காய்ந்து வெடித்து, தோசைக்கல்லில் ஒட்டிய மாவு போல ஓரம் மடங்கி எழும்பியிருக்கும். அதன் நடுவே கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும். தூண்டிலோடு குந்தியிருக்கும் பையன்களிடம், "கெரெயல்லி நீரு எஷ்டு இதெ?" என்று கேளுங்கள். ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று விரலை நீட்டிக் காட்டுவார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் கன்னடமும் தெலுங்கும் கலந்தே பேசுவார்கள். கெரெ என்றாலும் செருவு என்றாலும் ஏரிக்கு வழி காட்டுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்க இந்த இடத்தைவிட வேறு இடமில்லை. நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் போய்க் கடலில் சேர்கிறது. பேத்தமங்கலம் தாண்டி ராமசாகரம் வழியாக எல்லை கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று போகிறது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் சுரங்க வேலைக்காக வந்தது அந்த வடாற்காட்டுச் சீமையிலிருந்துதான். ஆறு கீழே போனது, மனிதர்கள் அதே ஆற்றின் வழியே மேலே வந்தார்கள். பிள்ளைகளை அந்தக் கரையில் நிறுத்தி நம் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் காட்ட வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏரியில் யாரும் இறங்கவேண்டாம். மண் அள்ளிய குழிகள் மேலே தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நினைத்த இடத்தில் அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் சேற்றில் கால் மாட்டிப் போயிருக்கிறார்கள். கோலார், மாலூர், பங்காரப்பேட்டைப் பக்கத்து ஏரிகள் சில கோடையிலும் நிறைந்து நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அனுப்பும் கே.சி. வேலி திட்டத்தின் தண்ணீர் அது. 2018 ஜூனில் லட்சுமிசாகர ஏரிக்கு முதலில் வந்தது. நிலத்தடி நீர் ஊறுவதற்காக விடும் தண்ணீர், குடிக்கவோ குளிக்கவோ முகம் கழுவவோ ஆகாது.

பேத்தமங்கலத்துக்குப் பழைய பெயர் விஜயாதித்த மங்கலம். விஜயேந்திரர் கோயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் குட்டஹள்ளியின் பங்காரு திருப்பதிக்கும் போய்வரலாம். திரும்பும் வழியில் கம்மசந்திரம் கோடிலிங்கேஸ்வரர் இருக்கிறது. 108 அடி லிங்கத்தைச் சுற்றி வரிசை வரிசையாகச் சின்ன லிங்கங்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தரையில் வெறுங்காலால் நடந்தால் பாதம் பொரிந்துவிடும். குழந்தைகளுக்குத் தடித்த காலுறை எடுத்துப் போங்கள்.

இரண்டாம் வழி: ஆவணி, முளபாகல்

பேத்தமங்கலத்திலிருந்து வடக்கே முளபாகல் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இந்தச் சாலையின் அழகு புளியமரங்கள். சித்திரை முதல் பாதியில் போனால் புளி உலுக்குவதைப் பார்க்கலாம். ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளையை ஆட்ட, கீழே விரித்த தார்ப்பாயில் பழம் விழும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்னக் கட்டையால் தட்டி ஓட்டையும் நாரையும் கொட்டையையும் பிரித்துக்கொண்டிருப்பார்கள். தார்ப்பாய் சாலையில் பாதியைப் பிடித்திருக்கும். ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஒதுங்கிப் போங்கள். அந்தச் சாலை அவர்களுக்குக் களம். நின்று ஒரு கிலோ வாங்கினால் அடுத்த கோடை வரை ரசத்துக்கு அந்த மணம் இருக்கும்.

முளபாகலுக்குத் தென்மேற்கே ஆவணி. பாறைக் குன்றின் கீழே நொளம்பர் காலக் கோயில்கள், ராமலிங்கேஸ்வரர், லட்சுமணேஸ்வரர், பரதேஸ்வரர், சத்ருக்னேஸ்வரர் என்று ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சீதை லவனையும் குசனையும் பெற்ற இடம் என்று ஊர் நம்புகிறது. குன்றின் மேலே இருக்கும் சீதை கோயிலுக்கு ஏறுவதாக இருந்தால் ஏழு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். பாறையில் நிழல் கிடையாது. தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். கையில் பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பிடுங்கும்.

காலை டிபனுக்கு முளபாகல் தோசை. வெண்ணெய் ஊறிய மொறுமொறுப்பு, உள்ளே உருளைக்கிழங்கு, அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நேரம் இருந்தால் குருடுமலைப் பிள்ளையாரையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கோலார் வழியாகத் திரும்புகிறவர்கள் கோலாரம்மன் கோயில் சுவரைப் பார்க்காமல் வரக்கூடாது. ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. சோழர் ஆட்சியில் இந்தப் பகுதிக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர். சுரங்கத்துக்காக நாம் வருவதற்கு எண்ணூறு வருடங்களுக்கு மேல் முன்பே இங்கே தமிழில் கல்லில் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாம் வழி: பூதிகோட்டை, காமசமுத்திரம்

பங்காரப்பேட்டை வழியாகத் தெற்கே இறங்கினால் பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர். பக்கத்தில் மார்க்கண்டேய அணை. அங்கிருந்து காமசமுத்திரம் பக்கம் போகும் சாலையில் நீலகிரித் தோப்பும் பாறையும் காடும் மாறி மாறி வரும். அழகில் மற்ற இரண்டு வழிகளுக்கும் குறைவில்லை. ஆனால் இங்கே வேறு கணக்கு. தமிழ்நாடு, ஆந்திர எல்லைக் காடுகளிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் வந்து போகும். கோடையில் காட்டில் தண்ணீர் வற்றினால் ஏரியையும் தோட்டத்தையும் தேடி இறங்கும்.

ஆகவே இந்த வழிக்கு மட்டும் ஐந்தரை மணி விதி பொருந்தாது. நன்றாக விடிந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் கிளம்புங்கள், மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். வழியில் முதல் டீக்கடையில் நிறுத்தி, ராத்திரி யானை வந்ததா என்று கேளுங்கள். எந்தச் செயலியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. எதிரே யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரனும் வேண்டாம், ஹைபீமும் வேண்டாம், செல்போனோடு கீழே இறங்குவது கூடவே கூடாது. மெல்லப் பின்னால் எடுத்து வந்த வழியே திரும்புங்கள். டூவீலரில் தனியாகப் போகிறவர்கள் இந்த வழியைத் தவிர்ப்பதே நல்லது.

மாரிகுப்பத்திலிருந்து பிசாநத்தம் வழியாகக் குப்பம் போகும் சாலையும் இதே எல்லைப் பக்கம்தான். மஞ்சள் போர்டு வண்டியில் போகிறவர்கள் ஆந்திர பர்மிட் போட்டுக்கொண்டு போங்கள்.

சயனைடு மேடு பார்க்க மட்டும்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தங்கவயலை வைத்துச் சினிமா வந்த பிறகு கேட்பவர்கள் இன்னும் அதிகம். தூரத்திலிருந்து பார்க்கட்டும், ஏறவேண்டாம். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய கல்மாவு அது. அரைத்த கல்லைச் சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு எஞ்சியதை நூறு வருடத்துக்கு மேல் கொட்டினார்கள். 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். மழை அரித்த ஓடைகளுக்கு மேலே விளிம்பு உறுதியாக இருப்பது போலத் தெரியும், கால் வைத்தால் சரியும். மதியச் சூறையில் எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா இருக்கிறது. சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்களின் நுரையீரலைத் தின்றது இதே சிலிக்காதான்.

மேட்டை ஒட்டிய சாலையில் போகும்போது கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். டூவீலரில் போகிறவர்கள் மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்கள், சிலிகோசிஸ் உள்ள பெரியவர்கள் வண்டியில் இருந்தால் காற்று வீசும் மதியத்தில் அந்தச் சாலையே வேண்டாம். ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் தூள் இன்னும் மோசமாகும், ஆகையால் போகிறதை வைகாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

மூடிய ஷாஃப்ட்டுகளுக்கும் இதே பேச்சு. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் உட்பட எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறி நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படமெடுப்பது வீரம் இல்லை. கீழே என்ன இருக்கிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அவர்களே தடுப்பார்கள்.

மாம்பழமும் தக்காளியும்

சீனிவாசபுரத்து மாந்தோப்புகளுக்கு நேரில் போவதாக இருந்தால் அவசரப்படவேண்டாம். நம் பக்கம் அறுவடை மே மாதத்தில்தான் சூடுபிடிக்கும். பாதாமியும் ரசபுரியும் முதலில் வரும், மல்லிகா அதற்குப் பிறகு, தோதாபுரியும் நீலமும் ஜூன் பிற்பகுதியிலிருந்து. சித்திரையிலேயே சாலையோரம் தளதளவென்று ஒரே மஞ்சளாக அடுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பைட் கல் போட்டுப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது, ஆனாலும் நடக்கிறது. காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், மரத்தில் முற்றிய பழத்துக்கு அங்கே மணம் இருக்கும். பாதுகாப்பான வழி, தோப்பு வாசலிலேயே முற்றிய காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் பழுக்கவைப்பது.

மாங்காய் லாரியும் தக்காளி டெம்போவும் இந்த மாதங்களில் இரவுபகல் பார்க்காமல் ஓடும். கோலார் தக்காளி மண்டி ஏலத்துக்குப் பிந்திவிடக்கூடாது என்று டிரைவர்கள் பறப்பார்கள். 15 கிலோ கிரேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வண்டி வளைவில் சாய்ந்து வரும். முந்த நினைக்காதீர்கள். வழி விட்டுப் பின்னால் போங்கள்.

மழை வந்தால்

மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக் குளிர்காற்று வீசினால் அரை மணிக்குள் மாங்காய் மழை. முதல் பத்து நிமிடம்தான் சாலை அதிகம் வழுக்கும். மூன்று மாதப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு போலாகிவிடும். வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் அது கணுக்கால் அளவாக இருந்தாலும் காத்திருங்கள். இடி இடிக்கும்போது புளியமரத்துக்குக் கீழே ஒதுங்குவது நம் பழக்கம், அதுதான் உயிரை வாங்கும். காரில் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருங்கள். டூவீலரில் வருகிறவர்கள் மரத்தை விட்டுக் கட்டிடத்துக்குப் போங்கள்.

உடம்புக்கு

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலை தட்டி அளந்து கலந்துகொள்ளுங்கள். உப்பு கூடினால் நல்லதில்லை. நீர்மோர், நுங்கு, ராகிக் கூழ் கிடைக்கும் இடத்தில் பாட்டில் கூல்டிரிங்க் வேண்டாம்.

ஒருவர் பிதற்றினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். "ஐந்து நிமிஷம்தானே" என்று குழந்தையையோ வயதானவரையோ பூட்டிய காரில் விட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் மைன்ஸில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால் முன் சீட்டை அவருக்குக் கொடுங்கள். எந்த ஏரி எந்த வருடம் நிறைந்தது, எந்த வளைவில் ஷிஃப்ட் பஸ் நிற்கும், சைரன் எத்தனை ஊருக்குக் கேட்கும் என்று அவர் சொல்லிக்கொண்டு வருவார். அவருக்காகக் கண்ணாடியை ஏற்றியே ஓட்டுங்கள், அவர் பேச்சுக்காகப் பாட்டை அணைத்துவையுங்கள். இன்றே அவரிடம் சொல்லிவையுங்கள்: நாளைக் காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம் என்று. அவர் ஐந்துக்கே தயாராகி வாசலில் உட்கார்ந்திருப்பார்.